செவ்வாய் மலையின் உச்சியில் நம் ஊர்க் காற்று

கரும்பலகையில் ஒரு மாணவி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது வரியில் ஒரு தவறு. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அந்த நொடியில் வாயைத் திறக்க வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா? எட்டு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தும் இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது.

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இப்படித் தொடங்குவது சரியா என்றும் தெரியவில்லை. பணி அனுபவம் என்பது ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியது. எனக்கு முப்பத்தொரு வயது. ஒன்றேகால் வயதில் ஒரு மகன் இருக்கிறான். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அடுத்த மாதம் நானும் குழந்தையும் அங்கே போகிறோம். வேலையை விட்டுவிட்டேன். "போறதுக்கு முன்னாடி புதுசா வர்றவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று துறைத்தலைவர் மேடம் சொன்னார். எதை எழுதுவது என்று யோசித்தபோது, எட்டு வருடத்தில் ஒரே ஒரு மதியம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதில் நான் செய்தது ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த மதியத்தைப் புரிந்துகொள்ள, சனிக்கிழமைக் கணக்கு வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இனி நீங்கள் எடுக்கப்போவதும் அதைத்தான். மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதும் இறுதி ஆண்டுப் பெண்கள் வருவார்கள். நான் அதிகம் எடுத்தது வளிமண்டலக் கணக்குகள். ஒரு கோளுக்குச் சூரியனிலிருந்து இவ்வளவு வெப்பம் வருகிறது, அதில் இவ்வளவைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அப்படியானால் அதன் சராசரி வெப்பநிலை என்ன? அதன் காற்று மேலே போகப்போக எவ்வளவு மெலிகிறது? பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம்தான். ஆனால் ஒரு பெண் சிந்திக்கிறாளா, சூத்திரத்தை ஒப்பிக்கிறாளா என்பது இந்தக் கணக்குகளில் உடனே தெரிந்துவிடும்.

பூமியின் வெப்பநிலையை முதல் முறை கணக்கிட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. விடை மைனஸ் பதினெட்டு டிகிரி. வெளியே மயிலாடுதுறையின் சித்திரை வெயில்.

"மைனஸ் பதினெட்டா? இந்தக் கணக்கப் போட்டவரை ஒரு நாள் குத்தாலம் பஸ் ஸ்டாண்டுல நிக்க வைங்க மிஸ்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. பொறையாறு பக்கத்துப் பெண். அவள் அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறார். தண்ணீர் வந்த வருடம் இரண்டு போகம், வராத வருடம் ஒன்று. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூட்டல் பெருக்கல்ல தப்பு இல்ல மிஸ். எதையோ சேக்காம விட்டிருக்கோம்" என்றாள். காற்றுப் போர்வையைச் சேர்க்கவில்லை என்று நான் அடுத்து சொல்ல இருந்தேன். அதற்கு முன்பே அவள் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, நான் பாடத்தை மெதுவாக நடத்துகிறேனோ என்று கவலையாகவும் இருந்தது.

அந்த வகுப்பில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பலகையில் யாராவது தவறு செய்தால், டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் மேசையை ஒரு தட்டு தட்டுவேன். எழுதுகிறவள் நின்று, திரும்பிப் பார்த்து, தேடித் திருத்திக்கொள்வாள். எனக்கு "டக் மிஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்றும் நினைத்திருந்தார்கள். தவறு எது என்று நான் சொல்வதில்லையே, கண்டுபிடிப்பது அவர்கள்தானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சென்ற ஆண்டு மே மாதம் எஸ்தருக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம். கிடைத்தால் முதுகலையும் ஆராய்ச்சியும் சேர்த்து அங்கேயே படிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. அவள் எழுதிய தேர்வுகளில் நேர்முகம் வரை போனது இது ஒன்றுதான். கிடைக்காவிட்டால் பி.எட். என்று வீட்டில் பேசி முடித்து விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தார்கள். பி.எட். ஒன்றும் குறைவான படிப்பில்லை, நானும் படித்திருக்கிறேன். ஆனால் எஸ்தரின் மனம் எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

நேர்முகம் இணையம் வழியாக. அவள் ஊரில் சிக்னல் நிற்காது. அதனால் நம் ஆய்வகத்திலேயே கேமரா வைத்து, கரும்பலகையில் எழுதச் சொல்லி ஏற்பாடு. நிறுவனத்தின் விதி ஒன்று: கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேமராவில் தெரியும்படி அறையில் இருக்க வேண்டும், பேசவோ சைகை செய்யவோ கூடாது. அந்த ஆசிரியர் நான்.

எனக்குப் பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் மாதம். முந்தின நாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. காலையில் சீர்காழியில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் உடம்பு சுட்டது. "ஊசி போட்டா காயத்தான் செய்யும், நீ போ" என்று மாமியார் சொன்னார். மயிலாடுதுறை வருவதற்குள் இரண்டு முறை போன் செய்தேன். ஆய்வகத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்றதும் இன்னொரு முறை போன் செய்துவிட்டு அணைத்தேன்.

நேர்முகம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மேடம் உள்ளே வந்தார். எஸ்தருக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு மேசைமேல் இருந்த டஸ்டரை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம், போர்டு அழிக்க?" என்றேன்.

"ஈரத்துணி தர்றேன். அதால தட்டினா சத்தம் வராது."

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ சிரிக்காத. உங்க மிஸ்ஸுக்குக் கை சும்மா இருக்காது. நேத்து ஸ்டாஃப் மீட்டிங்ல பிரின்சிபால் பேசும்போதே பேனாவால ஒரு தட்டு தட்டினாங்க." என்னிடம் திரும்பி, "கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. முடிஞ்சா முகத்தையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேர்முகம் செய்தவர்கள் இருவர், ஓர் ஆண், ஒரு பெண். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்பதால் இடையிடையே தமிழில் பேசிக்கொள்ள எஸ்தருக்கு அனுமதி கிடைத்தது. முதல் கேள்விகள் சாதாரணமாகப் போயின. பிறகு செவ்வாய்க் கிரகம் வந்தது. அதன் சராசரி வெப்பநிலையைக் கணக்கிடச் சொன்னார்கள். வேண்டிய எண்களை அவளே கேட்டு வாங்கினாள். இருநூற்றுப் பத்து கெல்வின், அதாவது மைனஸ் அறுபத்துமூன்று டிகிரி. சரியான விடை.

"அங்கே இருபத்தொரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மலை இருக்கு. அதன் உச்சியில காற்றழுத்தம் எவ்வளவு? தேவையானத எங்ககிட்ட கேக்கலாம்" என்றார் அந்த ஆண். அவரோடு பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

அங்கே ஈர்ப்பு எவ்வளவு என்று கேட்டாள். காற்றில் பெரும்பகுதி எந்த வாயு என்று கேட்டாள். இன்னொன்று கேட்டிருக்க வேண்டும்: தரையில் அழுத்தம் எவ்வளவு? அதைக் கேட்கவில்லை. தயக்கமே இல்லாமல் 1013 மில்லிபார் என்று எழுதினாள். அது பூமியின் கடல் மட்டத்து அழுத்தம். செவ்வாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏன் எழுதினாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். நம் ஆய்வகச் சுவரில் ஒரு பாதரச பாரமானி தொங்குகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. செய்முறை ஏட்டில் முதல் வரியாக "வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ." என்று, அதாவது அதே 1013 மில்லிபாரை, எழுதிவிட்டுத்தான் பெண்கள் மற்றதைத் தொடங்குவார்கள். பார்த்தாலும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். நம் டெல்டா அப்படிப்பட்ட மண். குத்தாலத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் போனாலும் ஏற வேண்டியது வாய்க்கால் பாலம் மட்டும்தான். கொடைக்கானல் சுற்றுலாவில் பஸ் மேலே ஏறும்போது காது அடைத்தது என்று பயந்து அழுத பெண்கள் நம் துறையில் உண்டு. காற்றழுத்தம் என்பது இடத்துக்கு இடம் மாறும் ஒரு அளவு என்று இவர்களுக்குத் தெரியும், ஆனால் உடம்புக்குத் தெரியாது. மலைநாட்டுப் பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எஸ்தர் எழுதிக்கொண்டே போனாள். செவ்வாயில் பத்தரை கிலோமீட்டர் சொச்சம் ஏறினால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் மிஞ்சும் என்று கண்டாள். அதன்படி, அதைப் போல இரண்டு மடங்கு உயரமான உச்சியில் இருப்பது தரையில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. எல்லாம் அழகான வேலை. முதல் எண் மட்டும் தவறு. என் வலது கை மடியில் இருந்து எழுந்துவிட்டது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டேன். இருமலாமா என்று நினைத்தேன். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் அது சைகையா என்று நினைத்தேன். யோசித்தாலே முகத்தில் தெரிந்துவிடுமோ என்று தரையைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பெண்ணின் படிப்பு என் கண்ணெதிரே கைநழுவிப் போகிறது, நான் தரை ஓட்டில் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"உச்சியில நூத்தி நாப்பது மில்லிபார் சார்" என்றாள்.

"சரி. அடுத்ததுக்குப் போகலாமா?" என்றார் அவர். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார். இந்த விடைய நான் ஒரு தடவை சோதிச்சுப் பாக்கலாமா?"

"பாருங்க."

"நூத்தி நாப்பது மில்லிபார்ல தண்ணி அம்பது டிகிரி சொச்சத்துலதான் கொதிக்கும். அப்ப அந்த உச்சியிலகூட தண்ணி தண்ணியாவே நிக்கலாம். கீழ சமவெளியில தாராளமா நிக்கும். ஆனா அங்க தண்ணி நிக்கிறதில்ல சார்."

"குளிரு. உறைஞ்சிருக்கும். நீங்களே இருநூத்திப் பத்துன்னு சொன்னீங்களே?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தேன்.

"அது சராசரி மேடம். நடுக்கோட்டுப் பக்கம் மத்தியான நேரத்துல பூஜ்யத்துக்கு மேல போகும்னு படிச்சிருக்கேன். அப்பவும் பனி உருகி ஓடாம நேரா ஆவியாப் போயிடுமாம். எவ்வளவு பனி இருந்தாலும் ஒரு வயலுக்குத் தண்ணி கட்ட முடியாது. அப்படின்னா தரையில அழுத்தம், தண்ணியோட மும்மைப் புள்ளி அழுத்தத்த விடப் பெருசா இருக்க முடியாது. அது ஆறு மில்லிபார், அதுக்குக் கீழ தண்ணி தண்ணியா நிக்காது." முதல் எண்ணைச் சுட்டிக்காட்டினாள். "நான் ஆயிரத்துப் பதிமூணு போட்டிருக்கேன். கணக்கு செவ்வாயோடது சார். காத்து எங்க ஊரு காத்து."

ஈரத்துணியால் 1013-ஐ அழித்தாள். அதே இடத்தில் ஆறு என்று எழுதி, பக்கத்தில் "அதிகபட்சம்" என்று போட்டாள். உச்சியில் ஒரு மில்லிபாருக்கும் குறைவு. தரை அழுத்தம் ஏறக்குறைய ஆறுதான் என்று அவர் அப்போதுதான் சொன்னார். யாரும் கொடுக்காத எண்ணை, தண்ணீர் நிற்குமா நிற்காதா என்ற யோசனையிலிருந்து அவளே எடுத்துவிட்டாள்.

"தரை அழுத்தத்த ஏன் எங்ககிட்ட கேக்கல?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கேக்கணும்னு தோணவே இல்ல மேடம். எங்க ஊர்ல அது மாறினா நியூஸ்ல சொல்லிடுவாங்க. ஸ்கூலுக்கு லீவும் விட்டுடுவாங்க."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த ஆணுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்தார்.

இணைப்பைத் துண்டித்ததும் நான் முதலில் வீட்டுக்குத்தான் போன் செய்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, தூங்குகிறான் என்றார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். "தொட்டுட்டுத்தானே சொல்றேன்" என்று மாமியார் போனை வைத்துவிட்டார். அதன் பிறகுதான் எஸ்தரிடம், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று கேட்டேன்.

"சந்தேகம் வரல மிஸ். விடைய எழுதிட்டு உங்களத்தான் பாத்தேன். நீங்க தட்டல, அதனால சரின்னு நெனச்சுட்டேன்."

மேசைமேல் டஸ்டர் இருந்த இடத்தைப் பார்த்தேன்.

"அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, டஸ்டர மேடம் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு. தட்ட வழியே இல்லாதப்ப, தட்டலங்கறதுக்கு என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்ல. சரியா தப்பான்னு எனக்கு யாரும் சொல்லல, நானே பாத்தாத்தான் உண்டுன்னு தெரிஞ்சுது."

இந்தப் பெண்ணுக்கு நான் ஆசிரியராக இருந்திருக்கிறேன் என்று அன்று பெருமைப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் பட்டதில்லை. பிழையைக் கண்டுபிடித்ததுகூடப் பெரிதில்லை. எதை நம்பி அதுவரை நடந்தாளோ, அந்த நம்பிக்கைக்கு இப்போது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டாளே, அதுதான். வாழ்க்கையே அதில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று எதிரில் இருப்பவர் சொன்ன பிறகு, ஒரு நிமிடம் கேட்டு வாங்கினாள். கெட்டிக்காரப் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தைக் கேட்ட பெண்ணை வேறு எங்கும் பார்த்ததில்லை.

மேடத்திடம் ஓடினேன். இதையெல்லாம் யோசித்துத்தான் எஸ்தர் பார்க்கும்படி டஸ்டரை எடுத்தீர்களா என்று கேட்டேன். "எனக்கு அவ்வளவு மூளை எல்லாம் இல்லம்மா. நீங்க தட்டினா அவங்க லைனைக் கட் பண்ணிடுவாங்கன்னு பயந்தேன்" என்றார். அதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் அவர் அப்படித்தான். பாராட்டை வாங்கிக்கொள்ள மாட்டார்.

எஸ்தருக்கு இடம் கிடைத்தது. இப்போது பெங்களூரில் படிக்கிறாள். நல்ல முடிவு, இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அதற்குப் பிறகு நான் சனிக்கிழமை வகுப்பில் தட்டுவதை நிறுத்தினேன். நான் தட்டாதபோதெல்லாம் "சரி" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்த பிறகு எப்படித் தட்டுவது? சில பெண்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. விடையைத் தாங்களே சோதிக்கத் தொடங்கினார்கள். இப்போது ஏட்டில் எழுதும் முன் ஒருத்தி போய்ப் பாரமானியைப் பார்க்கிறாள்.

நந்தினிக்கு வேலை செய்யவில்லை. இந்த வருட இறுதி ஆண்டுப் பெண்களில் எஸ்தருக்குக் குறையாத அறிவு அவளுக்கு. போன மாதம் பூமியின் வெப்பநிலைக் கணக்கைப் போட வந்தாள். சூரிய ஒளி விழுவது ஒரு வட்டத் தட்டின் அளவுக்குத்தான், ஆனால் வெப்பம் வெளியேறுவது முழு உருண்டையிலிருந்து. அதனால் நான்கால் வகுக்க வேண்டும். அந்த நான்கை மறந்தாள். நான் பேசவில்லை. எண்பத்தேழு டிகிரி என்று விடை வந்தது. நாம் எல்லோரும் வெந்துபோயிருக்க வேண்டிய சூடு. தவறு என்று அவளுக்கே தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. முதல் வரியிலிருந்து திரும்பப் போட்டாள், அதே விடை. மூன்றாவது முறை சுண்ணக்கட்டி உடைந்தது. பலகையைப் பார்த்தபடியே அழுதாள். அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் அவள் பலகைப் பக்கம் வரவில்லை. பழைய முறையில் ஒரு தட்டு தட்டியிருந்தால் நொடியில் திருத்தியிருப்பாள்; அதுவும் எனக்குத் தெரியும்.

நேற்று வராந்தாவில் என்னை நிறுத்தி, "இந்தச் சனிக்கிழமை நான் போர்டுக்கு வர்றேன் மிஸ். ஆனா தப்புப் போட்டா சொல்லிடுங்க, ப்ளீஸ்" என்றாள். அவளுக்கும் அதே நிறுவனத்தில் நேர்முகம் வரப்போகிறது. அன்று அறையில் உட்காரப்போவது உங்களில் ஒருவர். நான் மஸ்கட்டில் இருப்பேன். என் கையில் இருப்பது இந்த ஒரு சனிக்கிழமை.

சொல்லிவிட்டால் தைரியம் திரும்பி வரும், ஆனால் சொல்ல யாரும் இல்லாத அறையில் என்ன செய்வாள்? சொல்லாவிட்டால் அந்த அறை வரைக்குமே அவள் போகாமல் இருந்துவிட்டால்? உங்களுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தவள் உங்களிடமே கேட்கிறேன். புதிதாக வந்தவர்கள் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். கைமாறி வந்து இதைப் படிக்கும் மற்ற கல்லூரி ஆசிரியர்களும் எழுதுங்கள். இப்படி ஒரு பெண் உங்கள் வகுப்பில் இருந்திருந்தால், அந்தத் தவறான வரியில் நீங்கள் பேசினீர்களா, பேசாமல் இருந்தீர்களா? பிறகு அவள் என்ன ஆனாள்? அது அந்தந்தப் பெண்ணைப் பொறுத்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எனக்கும் தெரியும். இந்தப் பெண்ணுக்கு, சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.